‘நம்பிக்கை’ பிழைத்திருந்தால்…?
(கற்பனை வரலாற்று மாதிரி விமானங்கள் – ஓர் அறிமுகம்)

“அந்த ஒரு கணக்கை மட்டும் சரியாகப் போட்டிருந்தால்?”, “அன்று மழை பெய்யாதிருந்தால்?” என்றெல்லாம் எண்ணிப் பார்க்காத மாணவி உண்டோ? நடந்தது ஒன்று, நடந்திருக்கக் கூடியவையோ பல. அந்தப் பலவற்றை மனம் தேடிப் போவது இயற்கையே.

மத்தியதரைக் கடலில் மால்டா என்றொரு சிறு தீவு இருக்கிறது. புனித சின்னப்பர் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, கப்பல் உடைந்து கரையேறிய தீவு அது என்பதை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரல் 9 அன்று மாலை, அத்தீவின் மோஸ்டா என்னும் ஊரில் உள்ள விண்ணேற்பு அன்னை ஆலயத்தில் ஏறத்தாழ 300 பேர் பூசைக்காகக் கூடியிருந்தனர். வானிலிருந்து வீசப்பட்ட ஒரு குண்டு ஆலயத்தின் பெரிய குவிமாடத்தைத் துளைத்துக் கொண்டு உள்ளே விழுந்தது. ஆனால் அது வெடிக்கவில்லை! ஒருவருக்கும் உயிர்ச் சேதம் இல்லை. அக்குண்டைப் போன்ற ஒரு மாதிரியை அவ்வாலயத்தில் வைத்திருக்கிறார்கள். அதைக் காண்போர் மனத்தில் எழும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “அது வெடித்திருந்தால்?”

இந்தக் கேள்வியையே அடிப்படையாகக் கொண்டு வளர்ந்த ஒரு பொழுதுபோக்கைப் பற்றித்தான் இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர் இதில் ஈடுபடுகின்றனர். மாமா அனுப்பிய ஒரு சிறு அட்டைப் பெட்டியினால் எனக்கும் இது தொற்றிக் கொண்டது. அப்பெட்டியால் நான் கற்ற பாடங்களையும், செய்த ஒரு பெரும் பிழையையும் ஒளிவு மறைவின்றிச் சொல்லப் போகிறேன்.

மாதிரி விமானம் என்பது யாது?

உண்மை விமானத்தின் உருவத்தை அளவு பிசகாமல் சுருக்கிச் செய்வதே மாதிரி விமானம். பெட்டியைத் திறந்தால், பிளாஸ்டிக் சட்டம் ஒன்றில் இறக்கை, வால், சக்கரம் முதலியன காய்கள் போல ஒட்டிக் கொண்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூச வேண்டும்.

இவற்றுள் மிகவும் பரவலானது 72-இல் ஒரு பங்கு அளவு. ஏன் 72? ஆறு அடி என்பது 72 அங்குலம் அல்லவா? எனவே ஆறு அடி உயரமுள்ள மனிதர் இந்த அளவில் சரியாக ஓர் அங்குலம் இருப்பார். கணக்கு எவ்வளவு எளிதாகி விடுகிறது பாருங்கள்!

இக்கலைக்கும் போருக்கும் தொடர்பு உண்டு. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, அந்நாட்டுப் பள்ளி மாணவ மாணவியரிடம் 5 லட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தருமாறு கேட்டது. அவையும் இதே 72-இல் ஒரு பங்கு அளவுதான். வானில் வருவது நம்மவர் விமானமா, எதிரி விமானமா என்று வீரர்கள் கண்டறியப் பழகுவதற்கு அவை உதவின. போர் முடிந்த பின்னர் இது வீட்டுப் பொழுதுபோக்காகப் பரவியது. ஏர்ஃபிக்ஸ் என்னும் ஆங்கில நிறுவனம் தன் முதல் ஸ்பிட்ஃபயர் விமானப் பெட்டியை 1953-இல் வெளியிட்டது.

‘அப்படி நடந்திருந்தால்?’

பெரும்பாலானோர் உண்மை விமானத்தை உள்ளவாறே செய்வர். சிலர் மட்டும், “வரலாறு சற்றே வேறு வழியில் திரும்பியிருந்தால் இந்த விமானம் எப்படி இருந்திருக்கும்?” என்று கேட்டு, அதற்கேற்ப விமானத்தையும், அதனுடன் ஒரு கதையையும் படைப்பர். இதனை ‘வாட் இஃப்’ மாதிரி என்பார்கள். இதில் மூன்று வகைகளைக் கூறலாம்.

முதலாவது, கட்டி முடிக்கப்படாமலே கைவிடப்பட்ட விமானங்கள். ஒலியை விட வேகமாகப் பறப்பதற்காக இங்கிலாந்தில் திட்டமிடப்பட்ட மைல்ஸ் எம்.52 விமானத்தின் வேலை 1946-இல் நிறுத்தப்பட்டது. அது பறந்திருந்தால்? என்று கேட்டு அதைச் செய்வோர் உண்டு.

இரண்டாவது, உண்மை விமானம் வேறொரு நாட்டிற்குச் சென்றிருந்தால் என்பது. 1939-இல் போலந்துக்காக அனுப்பப்பட்ட ஒரு ஸ்பிட்ஃபயர் விமானம், அங்குப் போர் மூண்டு விட்டதால் துருக்கிக்குத் திருப்பி விடப்பட்டது. அது போலந்தைச் சேர்ந்திருந்தால் அதன் இறக்கையில் போலந்தின் சிவப்பு வெள்ளைக் கட்டங்கள் இருந்திருக்கும் அல்லவா?

மூன்றாவது, ஒரு விமானம் வேறொரு பணியைச் செய்திருந்தால் என்பது. நான் செய்தது இவ்வகையே.

கற்பனைக்கும் இலக்கணம் உண்டு

“கற்பனைதானே, எதை வேண்டுமானாலும் செய்யலாமே!” என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அவ்வாறே நினைத்தேன். ஆனால் எதை வேண்டுமானாலும் செய்தால் அது பொம்மையாகுமே தவிர, வரலாற்று மாதிரி ஆகாது. இதற்கு மூன்று விதிகளை வகுத்துக் கொள்வது நல்லது.

1. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்ற யாவும் உண்மையாகவே இருக்க வேண்டும்.

2. அந்த ஒரு மாற்றத்தினால் என்னென்ன விளையும் என்று படிப்படியாகச் சிந்திக்க வேண்டும். துப்பாக்கியை எடுத்து விட்டால் பாரம் குறையும். பாரம் குறைந்தால் வேறொன்றை ஏற்றலாம். ஏற்றுவதற்கு இடம் எங்கே? இவ்வாறு.

3. எது உண்மை, எது கற்பனை என்பதைப் பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இம்மூன்றாவது விதியை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பட்டுத்தான் தெரிந்து கொண்டேன். அதைச் சொல்லுமுன் உண்மை வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

விசுவாசம், நம்பிக்கை, அன்பு

1940 ஜூன் 10 அன்று இத்தாலி போரில் இறங்கியது. மறுநாளே அந்நாட்டு விமானங்கள் மால்டாவின் மீது குண்டு வீசின. இத்தாலியின் சிசிலித் தீவுக்கும் மால்டாவுக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கும் குறைவான தூரமே. அப்போது பிரிட்டனின் ஆளுகையில் இருந்த மால்டாவில், போர் விமானப் படைப்பிரிவு என்று முறையாக ஒன்றும் இல்லை. ஆயினும், குளோரியஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் விட்டுச் சென்ற ‘சீ கிளாடியேட்டர்’ விமானங்கள் சில, பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டுப் பெட்டிகளில் கிடந்தன. அவற்றை எடுத்துப் பூட்டித்தான் தீவின் காவலுக்கு அனுப்பினர். ஆக, பெட்டியில் இருந்து எடுத்து விமானம் கட்டும் வேலையை நமக்கு முன்பே அவர்கள் செய்திருக்கின்றனர்! நமக்குப் பசை, அவர்களுக்குத் திருகாணி, அவ்வளவே வேறுபாடு.

கிளாடியேட்டர் என்பது மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கைகள் கொண்ட பழைய பாணி விமானம். பிரிட்டிஷ் விமானப் படையின் இரட்டை இறக்கைப் போர் விமானங்களுள் கடைசியானது அதுவே. மணிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அது எதிர்த்து நிற்க வேண்டிய சவோயா-மார்க்கெட்டி 79 என்னும் இத்தாலியக் குண்டுவீச்சு விமானமோ அதைவிடச் சற்று அதிக வேகம் உடையது! ஓடுகிறவனை விடத் துரத்துகிறவன் மெதுவாக ஓடினால் எப்படிப் பிடிப்பது? முன்கூட்டியே உயரத்தில் ஏறி நின்று, மேலிருந்து பாய்ந்தால்தான் உண்டு.

இவ்விமானங்களில் மூன்றுக்கு ‘விசுவாசம்’, ‘நம்பிக்கை’, ‘அன்பு’ என்று பெயர் வழங்கலாயிற்று. புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய திருமுகத்தில் சேர்த்துச் சொன்ன மூன்று புண்ணியங்கள் இவை. அவர் கரையேறிய தீவிலேயே இப்பெயர்கள் நிலைத்தது எவ்வளவு பொருத்தம்! மூன்றே விமானங்கள் ஒரு தீவைக் காத்தன என்னும் கதை உலகெங்கும் பரவியது.

ஆனால் தோழியரே, உண்மை அதைவிடச் சற்றுச் சிக்கலானது. அங்கிருந்த கிளாடியேட்டர்கள் மூன்று மட்டுமல்ல. சில வேளைகளில் மூன்று மட்டுமே பறக்கும் நிலையில் இருந்தன. அப்பெயர்களும் போர் நடந்த அந்த முதல் நாட்களில் வைக்கப்பட்டவை அல்ல, பின்னரே பரவின என்பர். சில வாரங்களிலேயே ஹரிக்கேன் என்னும் புதிய விமானங்களும் வந்து சேர்ந்தன. ஆகவே, உண்மையான வீரத்தின் மீது மக்களின் அன்பு கட்டிய கதை அது எனலாம்.

‘அன்பு’ எனப்படும் விமானம் 1940 ஜூலை 31 அன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் விமானி கடுமையான தீக்காயங்களுடன் கடலில் விழுந்து, மீட்கப்பட்டு உயிர் பிழைத்தார். அன்று நடந்த அதே சண்டையில் இத்தாலிய விமானி ஒருவர் உயிரிழந்தார். ‘நம்பிக்கை’ 1941-இல் தரையில் நின்றபோதே குண்டுவீச்சில் அழிந்தது. ‘விசுவாசம்’ மட்டும் எஞ்சியது. பழுதுபட்டபோது, பிளென்ஹைம் என்னும் வேறொரு வகை விமானத்தின் என்ஜினை எடுத்து அதற்குப் பொருத்தினர். 1943-இல் அது மால்டா மக்களுக்கு நினைவுப் பொருளாக அளிக்கப்பட்டது. இறக்கை இல்லாத அதன் உடற்பகுதியை வலேட்டா நகரின் போர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கின்றனர்.

ஐந்து குறிகள்

இவற்றையெல்லாம் படிக்கும் முன்பே அவசரப்பட்டு நான் என் முதல் கிளாடியேட்டரைச் செய்து விட்டேன். “மூன்று விமானங்களுடன் நான்காவது ஒன்றும் இருந்திருந்தால்?” என்பது என் கற்பனை. அதன் பக்கவாட்டில் ஐந்து வெற்றிக் குறிகளை வரைந்தேன். வீழ்த்திய ஒவ்வொரு எதிரி விமானத்துக்கும் ஒரு குறி வீதம் போடுவது போர் விமானிகளின் வழக்கம். மாலைக் காப்பி ஆறுவதற்குள் ஐந்தையும் வரைந்து முடித்து விட்டேன். வீர தீரச் செயல்கள் நிறைந்த ஒரு கதையை அட்டையில் எழுதி, பள்ளிக் கண்காட்சியில் பெருமையுடன் வைத்தேன்.

முதலில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்தாள். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, அட்டையில் இருந்ததை ஒரு வரி விடாமல் எழுதிக் கொண்டாள். “அக்கா, இது பரீட்சைக்கு வருமா?” என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இல்லை, இது நானே எழுதிய கதை” என்றேன். அவள் என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்படியென்றால் ஏன் அக்கா வருஷமெல்லாம் போட்டிருக்கிறீர்கள்?” என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வருடம் போட்டால் பொய்யும் வரலாறு போலத் தோன்றி விடுகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

சற்று நேரம் கழித்து எங்கள் சரித்திர ஆசிரியையான சிஸ்டர் வந்தார்கள். குனிந்து நெடுநேரம் பார்த்தார்கள்.

“அழகாகச் செய்திருக்கிறாய் அம்மா. இந்த ஐந்து குறியும் எதற்கு?”

“வீழ்த்திய விமானங்கள் சிஸ்டர். ஐந்தும் குண்டுவீச்சு விமானங்கள்.”

“ஒரு விமானத்தில் எத்தனை பேர் போவார்கள்?”

“சாதாரணமாக ஐந்து பேர் சிஸ்டர்.”

சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. நானே மனத்தில் பெருக்கிப் பார்த்தேன். ஐயைந்து இருபத்தைந்து. பிறகு சிஸ்டர், “விமானிக்கு அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். அந்த இருபத்தைந்து பேருக்கு ஒரு வரி கூட இல்லையே” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய் விட்டார்கள்.

அன்றிரவு எனக்குச் சற்றுக் கோபமாகவே இருந்தது. குண்டு விழுந்த ஊர் மக்களைக் காக்கத்தானே அவர்கள் சுட்டார்கள்? மால்டாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் குண்டுவீச்சில் மாண்டனர் அல்லவா? மறுநாள் சிஸ்டரிடம் இதைக் கேட்டும் விட்டேன். சிஸ்டர் கோபித்துக் கொள்ளவில்லை. “காத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. உனக்கு இருந்ததே! கதையை நீதானே எழுதுகிறாய்?” என்றார்கள்.

எவ்வளவு யோசித்தும் இதற்கு மறுப்புச் சொல்ல என்னால் இயலவில்லை. உண்மையில் போரிட்டவர் தமக்கு நேர்ந்ததை மாற்ற இயலாது. கற்பனை செய்பவருக்கோ ஆயிரம் வழிகள் திறந்திருக்கின்றன. அவற்றுள் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது நம் பொறுப்பு.

இரண்டாவது விமானம்

அரையாண்டு விடுமுறையில் இன்னொரு கிளாடியேட்டரைத் தொடங்கினேன். இம்முறை முதலில் புத்தகம், பிறகுதான் பசை என்று முடிவு செய்து கொண்டேன்.

மாற்றம் ஒன்றே ஒன்று: 1941-இல் ‘நம்பிக்கை’யை அழித்த குண்டு சற்றுத் தள்ளி விழுகிறது. விமானம் பிழைக்கிறது. பின் என்ன ஆகும்?

1942 மார்ச் 7 அன்று முதல் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் மால்டாவுக்கு வந்து சேர்ந்தன. அதன் பின் பழைய கிளாடியேட்டருக்குப் போர்ப் பணி இராது. எனவே அதன் நான்கு இயந்திரத் துப்பாக்கிகளையும் கழற்றி விடலாம். வேறு எப்பணிக்கு அது உதவும்? ‘அன்பு’ விமானத்தின் விமானி கடலில் விழுந்தது என் நினைவுக்கு வந்தது. மால்டாவில் கடலில் விழுந்தவர்களை மீட்க வேகப் படகுகள் உண்மையாகவே இருந்தன. அவை தம்மவர், எதிரி என்று பாராமல் இரு தரப்பு விமானிகளையும் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் பரந்த கடலில் ஒரு மனிதத் தலையைப் படகிலிருந்து கண்டுபிடிப்பது கடினம். மெதுவாகவும் தாழ்வாகவும் பறக்கும் ஒரு விமானம் மேலிருந்து தேடிச் சொன்னால்? போரில் குறையாக இருந்த அந்த மெதுவான வேகமே இங்கு நிறையாகி விடுகிறது!

இன்னொரு வியப்பு: சீ கிளாடியேட்டரின் அடிவயிற்றில் ரப்பர் படகு ஒன்றை வைப்பதற்கான சிறு அறை உண்மையிலேயே இருந்தது. அதைச் சற்றுப் பெரிதாக்கினால், கடலில் தத்தளிப்பவருக்கு மேலிருந்தே படகைப் போடலாம். என் கற்பனைக்கு விமானமே இடம் கொடுத்து விட்டது.

எந்த மாதத்தில் இப்பணி தொடங்கியது என்று எழுத வேண்டியிருந்தது. முதலில் 1942 ஜூலை என்று எழுதினேன். பின்னர்தான், அக்காலத்தில் தீவில் உணவுக்கும் எரிபொருளுக்கும் கடும் தட்டுப்பாடு நிலவியது என்று படித்தேன். போர் விமானங்களுக்கே பெட்ரோல் போதாதபோது இதற்கு யார் கொடுப்பார்கள்? ஆகஸ்டில் 14 சரக்குக் கப்பல்கள் மால்டாவை நோக்கிப் புறப்பட்டு, ஐந்து மட்டுமே வந்து சேர்ந்தன. அவற்றுள் கடைசியாக வந்தது ‘ஒஹாயோ’ என்னும் எண்ணெய்க் கப்பல். உடைந்து மூழ்கும் நிலையில் அது துறைமுகத்தை அடைந்த நாள் 1942 ஆகஸ்ட் 15, அதாவது மாதாவின் விண்ணேற்புத் திருநாள்! அதனால் மால்டா மக்கள் அக்கப்பல்களைச் சாந்தா மரியா கப்பல்கள் என்றே அழைக்கின்றனர். ஆகவே என் கதையை அதற்குப் பின், 1942 அக்டோபரில் தொடங்கினேன். ஒரு மாதத்தைத் திருத்துவதற்குள் ஒரு தீவின் பசியையே படித்து விட்டேன்.

செம்மையாகச் செய்வது எப்படி?

கிளாடியேட்டரின் இறக்கை உண்மையில் 9.83 மீட்டர் நீளம். 72-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 13.7 சென்டிமீட்டர். உடலின் நீளம் 11.6 சென்டிமீட்டர். நம் உள்ளங்கையில் வைத்து விடலாம்.

பிளாஸ்டிக்கை ஒட்ட, மாதிரி விமானங்களுக்கென்றே உள்ள பசை வேண்டும். அது இரு பரப்புகளையும் சற்றே உருக்கி ஒன்றாக்குகிறது. சாதாரண வெள்ளைப் பசை உருக்குவதில்லை. காய்ந்ததும் பெயர்ந்து விடும். நகப்பூச்சை அழிக்கும் திரவம் பட்டால் பிளாஸ்டிக் கரைந்தே போகும். என் முதல் விமானத்தின் வாலில் ஒரு பள்ளம் இருப்பதற்கு அதுவே காரணம்!

துப்பாக்கிகளில் இரண்டு உடலின் இரு பக்கங்களிலும், இரண்டு கீழ் இறக்கையின் அடியிலும் இருக்கும். இறக்கைத் துப்பாக்கிகளை ஒட்டாமலே விட்டு விட்டேன். உடலில் உள்ள பள்ளங்களைப் புட்டியால் நிரப்பி, காய்ந்த பின் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தேன். படகு அறைக்கு, மீதமான பிளாஸ்டிக் துண்டுகளை அடுக்கி ஒட்டிச் சீவினேன். ஒட்டும்போது அசையாமல் பிடித்துக் கொள்ளத் துணி உலர்த்தும் கிளிப்புகள் போதும்.

இரட்டை இறக்கைகளுக்கு இடையே கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அவற்றைச் செய்யும் முறை மிக அழகானது. பகுதிகளை வெட்டி எடுத்த பின் வீணாகும் சட்டத்தின் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே காட்டி, மெல்ல உருட்ட வேண்டும். அது இளகியதும் விளக்கிலிருந்து விலக்கி, இரு கைகளாலும் இழுத்தால், தலைமயிர் போன்ற இழை நீண்டு வரும். அதை அளந்து வெட்டி, பல்குத்தும் குச்சி நுனியால் பசை தொட்டு ஒட்டலாம். பெரியவர்கள் அருகில் இருக்கும்போது மட்டுமே இதைச் செய்யுங்கள்.

வர்ணத்தை ஒரே தடவையில் கெட்டியாகப் பூசாமல், நீர்க்க இரண்டு மூன்று முறை பூசுவது நலம். இங்கும் ஒரு கேள்வி எழுந்தது. மீட்பு விமானம் ஆயிற்றே, செஞ்சிலுவைக் குறி போடலாமா? 1929-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி, நோயாளிகளுக்கான விமானம் வெள்ளை வர்ணத்தில், அப்பணிக்கு மட்டுமே பயன்பட வேண்டும். ஆனால் அக்குறியிட்டுக் கடலில் மீட்பு வேலை செய்த ஜெர்மன் விமானங்களுக்குப் பாதுகாப்புத் தர பிரிட்டன் 1940 ஜூலையில் மறுத்து விட்டது. அவை வேவு பார்ப்பதாக அது கருதியது. ஆகவே அதே பிரிட்டன் தன் ஒற்றை விமானத்துக்கு அக்குறியைப் போட்டிருக்காது என்று முடிவு செய்தேன். அதற்குப் பதிலாகக் கீழ் இறக்கையின் அடிப்புறத்தில் அகலமான மஞ்சள் பட்டை தீட்டினேன். நீரில் மிதப்பவர் அண்ணாந்து பார்க்கும்போது தெரிய வேண்டும் அல்லவா?

உண்மையும் கற்பனையும்

இப்போது அவ்விமானம் மரப்பீடம் ஒன்றில் நிற்கிறது. அதன் முன் உள்ள அட்டை இரண்டு பகுதியாக இருக்கிறது. இடப்பக்கம் நீல மையில் ‘உண்மை’. வலப்பக்கம் சிவப்பு மையில் ‘கற்பனை’. சிவப்பு மையில் எழுதியிருப்பது இதுதான்:

“1941-இல் ‘நம்பிக்கை’ அழியவில்லை. 1942 அக்டோபர் முதல், துப்பாக்கிகள் நீக்கப்பட்டு, கடலில் விழுந்த விமானிகளைத் தேடும் பணியில் ஈடுபட்டது. விமானி ஒருவரே. கடலில் இறங்க இயலாது. தேடுவார், கண்டால் ரப்பர் படகைப் போடுவார், மீட்புப் படகுக்கு வானொலியில் இடத்தைச் சொல்வார், எரிபொருள் தீருமுன் திரும்புவார். கீழே மிதப்பவர் எந்த நாட்டவர் என்பது மேலிருந்து தெரியாது.”

கடைசி வாக்கியத்தை எழுதிய பின்தான் அதன் பொருள் எனக்கே விளங்கியது. விமானிக்கு நான் பெயர் வைக்கவில்லை. உண்மையில் வாழ்ந்து, போரிட்டு, மடிந்தவர்களின் பெயர்களுக்கு நடுவே, நான் இட்டுக் கட்டிய ஒரு பெயரைச் செருக மனம் ஒப்பவில்லை.

பக்கவாட்டில் இம்முறையும் குறிகள் உள்ளன. காப்பாற்றப்பட்டவர் ஒருவருக்கு ஒரு சிறு வெள்ளை வளையம் வீதம் நான்கு வளையங்கள். நாற்பது போட ஆசைதான்! ஆனால் தேடிப் போனவர்கள் பல நாள் வெறுங்கையுடன்தான் திரும்பியிருப்பார்கள். கற்பனையிலும் மிகைப்படுத்தக் கூடாது அல்லவா?

முதல் விமானத்தை நான் எறிந்து விடவில்லை. ஐந்து குறிகளும் அப்படியே இருக்கின்றன. அட்டையை மட்டும் மாற்றி, மேலே பெரிய எழுத்தில் ‘கற்பனை’ என்றும், கீழே ‘ஐந்து விமானங்கள், இருபத்தைந்து பேர்’ என்றும் எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவுரை

“சரித்திரப் பாடமே கசக்கிறது, நடக்காத சரித்திரம் வேறா?” என்று சில தோழியர் கேட்கக் கூடும். நடக்காததை ஒழுங்காகக் கற்பனை செய்ய வேண்டுமானால், நடந்ததை ஒழுங்காகத் தெரிந்து கொண்டே ஆக வேண்டும். ஒரு சிறு விமானத்துக்காக நான் ஒரு தீவின் பூகோளத்தையும், ஓர் உடன்படிக்கையின் விதியையும், பிளாஸ்டிக் உருகும் முறையையும், 72-ஆம் வாய்ப்பாட்டையும் படிக்க நேர்ந்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு கதையில் யாரை விட்டு விட்டோம் என்று திரும்பிப் பார்க்கவும் கற்றேன்.

பெட்டி கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். அட்டையாலும் மூங்கில் குச்சியாலும் செய்யலாம். விமானம்தான் வேண்டும் என்பதும் இல்லை. கப்பலோ, பாலமோ, இரயிலோ எதுவாயினும் சரி. ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விளைவுகளை எண்ணிப் பாருங்கள். கற்பனையைக் கற்பனை என்றே எழுதி வையுங்கள்.

அடுத்த கண்காட்சிக்கு அந்த ஆறாம் வகுப்புச் சிறுமியும் ஒரு மாதிரி செய்யப் போகிறாளாம். மோஸ்டா ஆலயத்தின் குவிமாடத்தை அட்டையில் செய்து, குண்டு துளைத்த ஓட்டையையும் வைக்கப் போவதாகச் சொன்னாள். “அது நிஜமாகவே நடந்ததுதானே அக்கா?” என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்து கொண்டுதான் போனாள்.

– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு